தரகர் மகள் கேட்ட கேள்வி

ஜனவரி 19, ஞாயிறு

பெரியப்பா பேரனுக்குக் காதுகுத்து. கறிவிருந்து. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்த உறவுக்காரர் ஒருவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "அம்மணி என்ன படிக்குது?" என்றார். எம்.ஏ. பொருளாதாரம், கடைசி வருஷம் என்றேன். அவர் முகத்தில் துக்கம் விசாரிக்கிற பாவம் வந்துவிட்டது. "ஏங்கண்ணு, இஞ்சினீரிங் கெடைக்கலியா?"

கிடைத்தது, நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த வரிசையிலிருந்து அப்பா, "பேங்க்குல ஆபீசர் ஆகப்போறாளுங்க! மொதப் பரீச்ச பாஸ் பண்ணிட்டா!" என்றார். மாட்டை அதட்டிப் பழகிய தொண்டை. மண்டபமே திரும்பிப் பார்த்தது. உறவுக்காரர் முகம் தெளிந்து, எனக்கு இன்னொரு துண்டு கறி வைக்கச் சொன்னார்.

அப்பா பெயர் நல்லசிவம். மாட்டுத் தரகர். எங்கள் வியாழக்கிழமைச் சந்தையில் அவர் கை படாமல் ஒரு கறவை மாடு கூட ஆள் மாறாது என்பார்கள். என்பார்கள் என்ன, அவரே சொல்வார்.

பேங்க் முதன்மைத் தேர்வு ஏப்ரலில் வரும். படிக்க வேண்டும். படிப்பேன். அதற்கு முன் ஆய்வுக்கட்டுரையை ஆரம்பிக்க வேண்டும்.

ஜனவரி 22, புதன்

ஆய்வு வழிகாட்டி வசுந்தரா மேடம் என் தலைப்பை ஒப்புக்கொண்டார். மாட்டுச் சந்தையில் மறைமுகமாக விலை பேசும் முறையும் தரகரின் பங்கும். மேடம் லேசில் சிரிக்கிறவர் இல்லை. "எல்லாரும் பணவீக்கம், பங்குச்சந்தைன்னு வர்றாங்க. நீ மாட்டை ஓட்டிட்டு வந்திருக்கே" என்றபோது மட்டும் உதட்டோரம் என்னமோ நடந்தது.

ராயப்பனும் என் வகுப்புதான். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரன், மீன் ஏலத்தைப் பற்றி ஆய்வு செய்கிறான். எங்கள் சந்தையில் விலை பேசும் விதத்தைச் சொன்னதும் வாயைப் பிளந்தான். "துண்டப் போட்டு மூடிக்கிட்டு, உள்ள வெரலப் புடிச்சு வெல பேசுவாவளா? எங்க கடப்புறத்துல தொண்ட கிழியக் கத்தித்தான் ஏலம். வெல ஊருக்கே கேக்கும். இது என்ன களவாணித்தனம்?"

களவாணித்தனம் என்று சொன்னதற்காக இன்று அவனுக்கு என் டிபன் பாக்ஸிலிருந்து ஒன்றும் தரவில்லை. அவன் பாவமாகப் பார்த்தான். அப்புறம் ஒரே ஒரு வடை கொடுத்தேன்.

ஜனவரி 23, வியாழன்

இந்தப் பருவத்தில் வகுப்பு குறைவு என்பதால் பாதி வாரம் வீட்டில்தான் இருக்கிறேன். காலையில் அப்பா வண்டியில் தொற்றிக்கொண்டு சந்தைக்குப் போனேன். சின்ன வயதில் வந்தபோது வேடிக்கை பார்த்ததோடு சரி. இன்றைக்குத்தான் அப்பா கையைக் கவனித்தேன்.

மாட்டை விற்க வந்தவர் கையை அப்பா பிடிப்பார். இருவர் கை மேலும் துண்டு விழும். முதல் தடவை எத்தனை விரலை அழுத்துகிறாரோ அத்தனை பத்தாயிரம், அடுத்த தடவை அத்தனை ஆயிரம். பாதி விரலை நிமிண்டினால் ஐந்நூறு. விற்பவர் தலையை ஆட்டுவார், இல்லையென்றால் கையை உதறுவார். பிறகு அப்பா வாங்க வந்தவரிடம் போவார். அங்கேயும் துண்டு. வாங்கியவர் எவ்வளவு கொடுத்தார் என்று விற்றவருக்குத் தெரியாது. விற்றவர் எவ்வளவுக்கு ஒப்புக்கொண்டார் என்று வாங்கியவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அப்பா. எங்கள் பாடப்புத்தகம் ஒரு அத்தியாயம் முழுக்க மூச்சு வாங்கி விளக்குவதை, இவர் ஒரு ஈரிழைத் துண்டால் செய்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்.

என் கேள்வி இவ்வளவுதான். தரகு என்று இரண்டு பக்கமும் வெளிப்படையாக வாங்குவது போக, துண்டுக்குள் அந்த இரண்டு விலைக்கும் நடுவில் எவ்வளவு நிற்கிறது?

அப்பாவிடமே கேட்டேன். "நடுவுல ஒண்ணும் நிக்காது அம்மணி. நீ பேங்க் பரீச்சைக்குப் படி."

ஜனவரி 31, வெள்ளி

துறையில் முன்னாள் மாணவர் நாள். பொருளாதாரம் படித்து என்ன ஆனோம் என்று ஒவ்வொருவரும் மேடையேறிச் சொன்னார்கள். ஒருவர் மத்திய அரசின் பொருளாதாரப் பணியில் சேர்ந்து தில்லியில் விலைவாசி அறிக்கை எழுதுகிறார். ஒருவர் பத்திரிகையில் பட்ஜெட் பற்றி எழுதுகிறார். ஒருவர் பயிர்க் காப்பீட்டில். பெங்களூரிலிருந்து வந்த அக்கா, வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் ஒரு ஆப் கம்பெனியில், மழை பெய்தால் டெலிவரிக் கட்டணம் எவ்வளவு ஏற வேண்டும் என்று கணக்குப் போடுகிறாராம். "ஓ, நீங்கதானா அது!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மொத்த ஹாலும் அவரை முறைத்தது. பாவம், கடைசி வரை கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் தெய்வானை அக்கா. சென்னையில் ஒரு ஆய்வு நிறுவனம். "ஊர் ஊராப் போய் ஜனங்களைக் கேள்வி கேக்கறேன். அதுக்குச் சம்பளமும் தர்றாங்க. இன்னும் எனக்கே நம்ப முடியல" என்றார். கூட்டம் முடிந்ததும் அவரிடம் ஒன்றிரண்டு விவரம் கேட்டேன். சும்மா ஒரு பொது அறிவுக்காக. கேட்டு முடித்துப் பார்த்தால் சாப்பாட்டு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். பேங்க் மேனேஜர் ஒருவரும் வந்திருந்தார். அவரிடமும் பேசியிருக்க வேண்டும். நேரமில்லை.

அக்கா நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள். சொந்தமாகச் செய்த ஆய்வை நேர்காணலில் முன்வைக்க வேண்டுமாம். ஒரு விண்ணப்பம் போட்டு வைத்தேன். போட்டு வைப்பதில் என்ன வந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

நான் பிறவி ஆய்வாளர். வேறென்ன சொல்ல? சந்தை வாசலில் நின்று, ஒவ்வொரு மாட்டுக்கும் விற்றவரைத் தனியாக, வாங்கியவரைத் தனியாகப் பிடித்து விலை கேட்டேன். சந்தை விலையை வெளியில் சொல்ல மாட்டார்கள் என்று மேடம் பயமுறுத்தியிருந்தார். எனக்கு எல்லோரும் சொன்னார்கள். சொன்னது மட்டுமில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஒருவர் நிலக்கடலை வாங்கிக் கொடுத்தார். மாராத்தாள் என்று ஒரு அம்மா, ஒற்றைச் செவலை மாட்டை விற்றுவிட்டுப் போகிறவர், என் கன்னத்தைத் தடவி, "நல்ல வெலைங்க அம்மணி. ரொம்ப நல்ல வெல" என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

மூன்றாவது வாரமும் அதே மரியாதை. சாயங்காலம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். சராசரி எடுத்தால், விற்றவர்கள் சொன்ன விலைக்கும் வாங்கியவர்கள் சொன்ன விலைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. சுத்தம். துடைத்து வைத்தாற்போல.

அப்பா யோக்கியர். புள்ளிவிவரப்படி.

ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவுக்கு நானே தோசை வார்த்துப் போட்டேன். "என்ன அம்மணி, இன்னைக்கு ஒரே பாசமா இருக்குது?" என்று கேட்டார். சும்மாதானுங்ப்பா என்றேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

வசுந்தரா மேடத்துக்கு யாரும் நன்றாக இருந்தால் பிடிக்காது.

என் அட்டவணையை மேலும் கீழும் பார்த்தார். "இங்க பாரு. சில வியாபாரத்துல வாங்கினவர் கொடுத்ததைவிட வித்தவருக்குக் கிடைச்சது அதிகமா இருக்கு. அப்படின்னா தரகர் தன் கைக்காசைப் போட்டு மாட்டை வித்துக் கொடுத்திருக்கார். உங்க ஊர்த் தரகர்கள் அன்னதானமும் பண்றாங்களா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க சந்தை நல்ல சந்தை மேடம்" என்றேன். எம்.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி பேசுகிற பேச்சா அது?

"இருக்கட்டும். ஆனா எந்தத் தரவும் இவ்வளவு நல்ல பிள்ளையா இருக்காது. கேள்வியை மாத்தாதே. கேக்கற ஆளை மட்டும் மாத்திப் பாரு."

விடுதிக்கு வந்து, துவைத்து வைத்திருந்த துணியை எல்லாம் மறுபடியும் துவைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

ராயப்பன் சந்தைக்கு வந்தான். முதலில் வீட்டுக்குத்தான் அழைத்துப் போனேன். அம்மா அவனுக்கு இட்லி வைத்துக்கொண்டே இருந்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். அப்பா, "தம்பிக்கு எந்தூருங்க?" என்றார். கடற்கரை என்றதும், "மீனுக்குப் பல்லப் புடிச்சு வயசு பாப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். ராயப்பனும் சிரித்தான். அவன் சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அவன் வாசலில் நின்று கேள்வி கேட்டான். நான் கண்ணில் படாமல் டீக்கடைக்குள் உட்கார்ந்திருந்தேன். உச்சிப்பொழுதில் வந்தான்.

"சுபி, கோவப்படக் கூடாது."

"படமாட்டேன்."

"பட்டுருவ. சரி, கேளு. நடுவுல நல்லாவே நிக்கி. எல்லா மாட்டுலயும்."

நான் நம்பவில்லை. கடற்கரைக்காரனை ஏமாற்றியிருப்பார்கள் என்றேன். அவன் பொறுமையாகச் சொன்னான். மாராத்தாக்கா இன்றும் வந்திருக்கிறார், கன்றுக்குட்டியை விற்க. அவரிடம் நைசாகக் கேட்டிருக்கிறான். போன தரம் ஒரு பொண்ணு வந்து கேட்டுச்சே, அதுகிட்ட என்ன சொன்னீங்க என்று. அவர் சொன்னதை அப்படியே எங்கள் ஊர்ப் பேச்சில், அவனுக்கு வராத இழுவையோடு சொல்லிக் காட்டினான்:

"அந்த அம்மணி நல்லசிவண்ணன் புள்ளைங்க தம்பி. அதுகிட்டப் போயி கொறச்சலாக் கெடச்சுதுன்னு சொல்ல முடியுங்களா? அண்ணன் மனசு நோகுமல்லோ. அதான் ரண்டாயிரம் கூட்டிச் சொல்லீட்டேன்."

வாங்கியவர்களும் அப்படித்தானாம். அதிகம் கொடுத்தேன் என்று தரகர் மகளிடமே போய்க் குறைப்பட்டால் நன்றாகவா இருக்கும்? குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். விற்றவர் கூட்ட, வாங்கியவர் குறைக்க, நடுவில் நின்றது காணாமல் போய்விட்டது. ஊரே சேர்ந்து எங்கள் அப்பாவுக்கு மரியாதை செய்திருக்கிறது. அந்த மரியாதையை நான் அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன்.

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இதைத் தேர்வில் எழுதி வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவள் நான்.

கோபப்பட்டேன். ராயப்பன் மேல். அவன் எனக்கு இன்னொரு டீ சொன்னான்.

மார்ச் 7, வெள்ளி

மாவு ஆட்டினேன். அம்மா கேட்கவில்லை, நானே ஆட்டினேன்.

மார்ச் 8, சனி

அப்பா எனக்கென்று இளநீர் வாங்கி வந்தார். தித்திப்பாக இருந்தது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 9, ஞாயிறு

சாயங்காலம் அப்பா கட்டுத்தறியில் எங்கள் மாட்டுக்கு மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அப்பா, துண்டுக்குள்ள நடுவுல நிக்குதுங்களா, நிக்கறதில்லீங்களா?"

"ஆரு என்ன சொன்னாங்க?"

"எங்கிட்ட எல்லாரும் நிக்காதுன்னுதான் சொன்னாங்க."

அப்பா சிரித்தார். சிரித்தார்! "பின்ன, உங்கிட்டச் சொல்லுவாங்களா? என்ற புள்ளன்னு சந்தைக்கே தெரியுமே."

"தெரிஞ்சிருந்தும் ஏனுங்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"நீயும் சந்தோசமா எழுதீட்டிருந்தே. எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்பா மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டு, சண்டைக்கு வருகிறவர் போல நிமிர்ந்தார்.

"நிக்குதுதான். நிக்காம? வாங்கீட்டுப் போன மாடு கறக்கலீன்னா ஆரு ஊட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க? பேங்க் மேனேஜர் ஊட்லயா? நாந்தானே வேற மாடு மாத்திக் குடுக்கறேன்? ஏத்தி எறக்கற கூலி ஆரு குடுக்கறது?"

"அது காப்பீடுங்ப்பா."

"பேரு என்னமோ வெச்சுக்க."

"அப்படி எத்தன மாடு திரும்பி வருதுங்க?"

"அதச் சொல்லமாட்டேன்."

"நடுவுல எவ்வளவு நிக்குதுங்க?"

"அதையுஞ் சொல்லமாட்டேன். போய் பேங்க் பரீச்சைக்குப் படி."

பெற்ற மகளுக்குக் கூடத் துண்டு. இருந்தாலும் ஒன்று புரிந்தது. திரும்பி வரும் மாடுகளைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவே இல்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தத் தடவை நான் சந்தைப் பக்கமே போகக் கூடாது. ராயப்பனும் இரண்டு ஜூனியர்களும் கேட்பார்கள்.

மார்ச் 28, வெள்ளி

சென்னையிலிருந்து மின்னஞ்சல். நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள்! ஏப்ரல் 26, சனிக்கிழமை.

பேங்க் முதன்மைத் தேர்வுக்கு ஹால் டிக்கெட்டும் வந்துவிட்டது. ஏப்ரல் 26, சனிக்கிழமை.

இரண்டு கடிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். தேதி மாறவில்லை. பேங்க் என்றால் அப்பாவுக்கு உயிர். நேர்காணல் என்பது நேர்காணல் மட்டும்தான். வேலை கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. யோசித்து நிதானமாக முடிவு செய்வேன். அவசரமே இல்லை.

ராயப்பனோடு உட்கார்ந்து, நேர்காணலில் எந்தப் படத்தை முதலில் காட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தேன். சும்மாதான்.

ஏப்ரல் 5, சனி

கணக்கு முடிந்தது. திரும்பி வரும் மாடுகளுக்கும் கூலிக்கும் ஆகிற செலவை எல்லாம் கழித்துவிட்டேன். அப்பா சொன்னது பொய் இல்லை. நடுவில் நிற்பதில் பாதி அதற்கே போய்விடுகிறது. தரகர் இல்லாவிட்டால் அந்தப் பொறுப்பை யாரும் ஏற்க மாட்டார்கள்.

மீதிப் பாதி போகவில்லை. அடிக்கடி வரும் வியாபாரிகளிடம் அந்தப் பாதி கிடையாது. ஒற்றை மாட்டை ஓட்டிக்கொண்டு எப்போதாவது வருகிறவர்களிடம்தான் அது நிற்கிறது. வெளி விலை தெரியாதவர்கள். பாதிக்கு மேல் பெண்கள்.

மேடத்துக்குக் காட்டுவதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வேறு யார் வாயிலிருந்தும் அவர் கேட்கக் கூடாது. சொன்னேன். பாதி நியாயம் என்பதை முதலில் சொன்னேன். மீதிப் பாதியையும் சொன்னேன்.

"அப்ப நான் திருடனா?"

"நான் அப்படிச் சொல்லலீங்ப்பா."

"பாதி திருடன்னு சொல்ற."

எழுந்து போய்விட்டார். சாப்பிடவும் வரவில்லை. என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் இவர். மழைக்கு அந்தத் துண்டைத்தான் என் தலையில் போடுவார். ஆனாலும் அந்தப் பாதி, பாதிதான்.

ஏப்ரல் 9, புதன்

அப்பா என்னோடு பேசுவதில்லை. எல்லாம் அம்மா வழியாக.

"ஏனுங்க, கொழம்புக்கு உப்பு போதுமான்னு உங்க மக கேக்கறா."

"பாதிக்கு நல்லா இருக்குதாம்னு சொல்லு. மீதிப் பாதிய அவளே கண்டுபுடிச்சுக்கட்டும்."

அம்மா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். நான் அவர் தட்டில் உப்பு ஜாடியையே கொண்டுபோய் வைத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக் கனி. பழத்தட்டோடு வைத்த கண்ணாடியில் முகம் பார்த்தபோது அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் குனிந்துவிட்டோம். கண்ணாடிக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் பழத்தைப் பார்த்தோம்.

பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாகச் சொன்னாள். "எங்கப்பனும் ஒத்த மாட்ட ஓட்டீட்டு அந்தச் சந்தைக்குத்தான் வந்தாரு. நானும் கூட வந்தேன். உங்கப்பாதான் வெல பேசுனாரு. அப்பறம் பொண்ணு கேட்டு ஆள் உட்டப்ப எங்கப்பன் என்ன சொன்னாரு தெரியுமா? மாட்டுல அடிச்சது பத்தாதுன்னு பொண்ணையும் கேக்கறானான்னாரு."

"அப்புறம் எப்படிம்மா குடுத்தாரு?"

"மாட்ட வாங்கீட்டுப் போனவன், கறக்கலீன்னு திருப்பி ஓட்டியாந்துட்டான். உங்கப்பா எங்கூட்டுக்கே வராம, தானே அவனுக்குப் பணத்தக் குடுத்து அனுப்பிச்சிட்டாரு. அது எங்கப்பனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்பறந்தான்." ஒரு சுளையை என் வாயில் திணித்தாள். "உன்ற கணக்குச் சரிதான் சாமி. ரண்டு பாதியுஞ் சரி."

அம்மாவை வசுந்தரா மேடத்திடம் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஏப்ரல் 23, புதன்

சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பேங்க் தேர்வுக்குப் போகவில்லை, சென்னைக்குப் போகிறேன் என்று. நேராக அவரிடமே, அம்மா வழியாக இல்லாமல். இந்த ஆய்வைத்தான் அங்கே சொல்லப் போகிறேன் என்பதையும் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். "உன்ற இஷ்டம்" என்றார். கத்தியிருக்கலாம்.

ஏப்ரல் 26, சனி

நேர்காணலில் மூன்று பேர். ராயப்பனோடு பேசி வைத்திருந்த முதல் படம் கணினியில் திறக்கவே இல்லை. அதனால் வாயால் ஆரம்பித்தேன். "இந்த ஆய்வோட முதல் பிழை நான்தாங்க."

அப்புறம் தானாக வந்தது. நிலக்கடலை, கன்னத்தைத் தடவிய மாராத்தாக்கா, துடைத்து வைத்த அட்டவணை, அன்னதானம், எல்லாம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓரத்தில் இருந்த வயதான அம்மையார் மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்தத் தரகர்கள்ல உங்க அப்பாவும் ஒருத்தர். முடிவு அவருக்குத் தெரியுமா?"

"முதல்ல அவர்கிட்டதாங்க சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"அன்னையிலேருந்து எங்கூடப் பேசறதில்லீங்க."

"முடிவைக் கொஞ்சம் பூசி மெழுகிடலாம்னு தோணலையா?"

"தோணுச்சுங்க." நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். "எங்கப்பா மனசு நோகக் கூடாதுன்னு ஊரே அவர்கிட்ட நல்லதா மட்டும் சொல்லுதுங்க. யாராவது ஒருத்தர் உள்ளதைச் சொல்லணுமில்லீங்களா? நான் அவர் பொண்ணு. நானே சொல்லலைன்னா வேற யார் சொல்லுவாங்க?"

அந்த அம்மையார் மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

வெளியே வந்து கழிவறைக்குள் நின்று அழுதேன். பிறகு பசித்தது. ஒரு மசால் தோசையும் ஒரு ரவா தோசையும் சாப்பிட்டேன். ராயப்பன் போன் பண்ணி, "படம் தெறந்துச்சா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு. நீ வாயத் தெறந்தா போதும்" என்றான். பேருந்தில் ஊர் வந்து சேரும் வரை அதை நினைத்துக்கொண்டு வந்தேன். நேர்காணலைத்தான் சொல்கிறேன்.

மே 6, செவ்வாய்

கிடைத்துவிட்டது!

அம்மா வீதிக்கே கேட்கக் கூவினாள். மேடம் போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தெரியும்." ராயப்பனுக்கு அந்தப் பெங்களூர் ஆப் கம்பெனியில் வேலை வந்திருக்கிறது. மீன் விற்கும் பிரிவாம். மழை பெய்தால் உன்னைத்தான் திட்டுவேன் என்றேன். தினமும் திட்டு என்றான்.

அப்பா பால் கறந்துகொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். செம்பைப் பார்த்தபடியே "செரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து அம்மாவிடம், "பேங்க்குல தர்ற அளவுக்குச் சம்பளம் தருவாங்களான்னு கேளு" என்றார். கொஞ்சம் குறைவு என்று அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருக்கிறது.

மே 17, சனி

ஜூனில் சேர வேண்டும். சந்தைகளைப் பற்றியே பெரிய ஆய்வு, மாடு, மஞ்சள், வாழைத்தார் எல்லாம். எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் என்னை அனுப்பமாட்டார்கள். காரணம் அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்று சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "மொத எந்தச் சந்தைக்குப் போற?" என்றார். யாரிடம் கேட்கிறார் என்று அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகுதான் என்னிடம் என்று புரிந்தது. வாயில் இருந்த சோற்றை அவசரமாக விழுங்கினேன்.

"தெக்க, வேலங்குளம் சந்தைக்குங்ப்பா. மாட்டுச் சந்தைதான்."

"ம்" என்றார். மோர் ஊற்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

மத்தியானம் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசல் வேப்பமரத்தடியில் அப்பா யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தொண்டைக்குப் போனே தேவையில்லை.

"சின்னையன்ங்களா? நான் நல்லசிவம் பேசறனுங்க... சௌக்கியந்தானுங்க. ஜூன் மாசம் உங்க வேலங்குளம் சந்தைக்கு என்ற மக வருவா... இல்லீங்க, பேங்க்கெல்லாம் இல்ல. இது வேற. ஊர் ஊராப் போயி வெல எப்படி ஆகுதுன்னு கண்டுபுடிக்கற வேலைங்க. அதுக்குன்னு ஆறு வருசம்... அஞ்சு வருசம் படிச்சிருக்கறா... கேளுங்க, கேளுங்க. உங்ககிட்ட வந்து கேள்வி கேப்பா. நல்லசிவம் புள்ளையாச்சேன்னு நல்லதாச் சொல்லிப்போடாதீங்க. உங்க ஆளுகளுக்கும் சொல்லிவெய்ங்க. உள்ளதச் சொல்லோணும்... ஆமா, துண்டுக்குள்ள நடுவுல நிக்கறதையுந்தான்... அட, மறைச்சீங்கன்னாலும் கண்டுபுடிச்சுருவாளுங்க. என்னையவே புடிச்சுட்டா. உங்கள உட்டுருவாளா?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சத்தம் தணிந்தது. நான் கதவோரம் போய் நின்றேன்.

"நானுங்களா? நான் எப்பவும் போலத்தானுங்க... ஒத்த மாட்ட ஓட்டியாறவங்க கையப் புடிக்கறப்ப மட்டும் இப்பக் கொஞ்சம் கூசுது."

அம்மா உள்ளேயிருந்து, துணியை மடித்துவிட்டாயா என்று கூப்பிட்டாள். நான் போகவில்லை.